கொல்லைக் குளத்தில் எதிர்நீச்சல்: சிட்னியில் நீரோட்ட இயந்திரம் வைக்க நினைப்பவருக்கு

என் நீரோட்ட இயந்திரம் ஐந்து மாதம் கார் கொட்டகையில், பிரிக்காத அட்டைப்பெட்டியில் கிடந்தது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. குளத்துக்குச் சான்றிதழ் இல்லை, வேலி சரியில்லை, மின்பலகையில் இடமில்லை. இந்த மூன்றையும் இயந்திரம் வாங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசிய கதைதான்.

சிட்னியின் மேற்குப் புறநகர்களில், டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு வீட்டோடு ஒரு சிறிய குளமும் வந்து சேர்கிறது. ஆறரை மீட்டர் நீளக் குளத்தில் நான்கு கை வீசினால் சுவர் வந்துவிடும். நீரோட்ட இயந்திரம் இருந்தால் தண்ணீர் நம்மை நோக்கி ஓடும். நாம் நின்ற இடத்திலேயே எதிர்நீச்சல் போடலாம். டிசம்பரில் பாண்டை கடற்கரையிலிருந்து பிரான்ட்டி கடற்கரை வரை நடக்கும் கடல்நீச்சலுக்குப் பழக வேண்டும் என்பது என் ஆசை. அலுவலகம் போகுமுன் பொது நீச்சல் குளத்துக்குப் போய்வர நேரம் போதவில்லை.

கீழே உள்ள விதிகள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு உரியவை. மெல்பர்னிலோ பிரிஸ்பேனிலோ இருப்பவர்களுக்கு விதி வேறு. வரிசை மட்டும் பயன்படும்.

1. ஐம்பது டாலர் பெல்ட்டில் ஒரு மாதம் நீந்திப் பாருங்கள்

இடுப்பில் கட்டும் பெல்ட், அதில் ரப்பர் கயிறு, மறுமுனையைக் குளத்தின் பின்பக்கம் உறுதியான ஒரு கம்பத்தில் கட்ட வேண்டும். விளையாட்டுப் பொருள் கடைகளில் ஐம்பதிலிருந்து நூறு டாலருக்குள் கிடைக்கிறது. கயிறு பின்னால் இழுக்க, நாம் முன்னால் நீந்த வேண்டும்.

சுகமாக இருக்காது. கயிறு இடுப்பை இழுப்பதால் கால் தாழும், உடல் வளையும். ஆனால் ஒரே இடத்தில் இருபது நிமிடம், கண்ணெதிரே அதே நீல ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நீந்த உங்கள் மனம் ஒத்துக்கொள்கிறதா என்பது தெரிந்துவிடும். வாரம் மூன்று நாள் வீதம் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் அடுத்த படிக்குப் போங்கள். முடியாவிட்டால் பல ஆயிரம் டாலர் மிச்சம். பெல்ட்டை எறிந்துவிட வேண்டாம், பிறகு தேவைப்படும்.

2. குளத்தின் காகிதங்களைத் தேடி எடுங்கள்

வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தக் கட்டை எடுத்துப் பாருங்கள். குளம் உள்ள வீட்டை விற்பவர், குளத்தைப் பதிவு செய்த அத்தாட்சியோடு, வேலி விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழையோ, இல்லை என்று சொல்லும் சான்றிதழையோ இணைக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். ‘இல்லை’ என்று சொல்லும் சான்றிதழோடும் வீட்டை விற்கலாம்! அப்படி வாங்கினால், வீடு கைமாறிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வேலியைச் சரிசெய்யும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும்.

எனக்கு நடந்தது அதுதான். வழக்கறிஞர் அனுப்பிய இருநூறு பக்கத்தில் அந்த ஒற்றைத் தாளை நான் படிக்கவில்லை. 90 நாளில் எழுபது நாள் ஓடிய பிறகுதான் தெரிந்தது.

பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, மாநில நீச்சல் குளப் பதிவேட்டில் உங்கள் முகவரி இருக்கிறதா என்பது. இணையத்தில் முகவரியைத் தட்டினாலே தெரியும். நீங்களே பதிவு செய்தால் கட்டணம் இல்லை. இரண்டாவது, சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்பது. அதன் ஆயுள் மூன்று ஆண்டு. மூன்றாவது, குளம் கட்டிய ஆண்டு. 1990 ஆகஸ்டு 1-க்கு முன் கட்டிய குளங்களுக்கு வேலி விஷயத்தில் சில பழைய சலுகைகள் உண்டு. குளத்தையோ வேலியையோ பெரிதாக மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும். இயந்திரத்துக்காகச் சுவரை உடைத்துக் குழாய் பதிக்கும் எண்ணம் இருந்தால், உடைக்கும் முன் கவுன்சிலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலுக்கு மதிப்பில்லை.

புதிதாகக் குளம் வெட்டுபவர்களுக்குச் சுருக்கமாக: கவுன்சில் அல்லது தனியார் அங்கீகரிப்பாளரின் ஒப்புதல், குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதற்காகச் சிட்னி வாட்டரின் ஒப்புதல், தோண்டும் முன் நிலத்தடிக் கம்பிகளின் வரைபடம். 40,000 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் குளமென்றால், தண்ணீர், மின்சாரச் சிக்கனத்துக்கான பேசிக்ஸ் சான்றிதழும் தேவை. இயந்திர நீச்சலுக்கு அவ்வளவு பெரிய குளம் தேவையில்லை. என் குளம் 6.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம். ஏறக்குறைய 25,000 லிட்டர்தான் பிடிக்கிறது.

3. வேலி: கறிவேப்பிலைத் தொட்டியும் கணக்கில் வரும்

அதிகம் பேர் வழுக்கி விழும் படி இது. நான் இரண்டு முறை விழுந்தேன்.

வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அடியில் தரைக்கும் வேலிக்கும் இடையில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது; நெடுக்குக் கம்பிகளுக்கு நடுவிலும் அதே கணக்கு. கதவு குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். எந்த நிலையில் கையை எடுத்தாலும் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வாளர் கதவை விரியத் திறந்து விட்டுப் பார்ப்பதோடு நிற்க மாட்டார். இரண்டு விரற்கடை மட்டும் திறந்து விட்டுப் பார்ப்பார். விரியத் திறந்தால் வேகத்தில் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் என் கதவு, அந்த இரண்டு விரற்கடையில் தாழின் மேல் சாய்ந்து நின்றுவிட்டது. முதல் தோல்வி. புதுக் கீல் ஒரு ஜோடி தொண்ணூறு டாலர், அரை மணி நேர வேலை.

இரண்டாவது தோல்விக்குக் காரணம் கறிவேப்பிலை. வேலியைச் சுற்றி 90 சென்டிமீட்டருக்குள் குழந்தை கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வெயில் நன்றாக விழும் இடம் என்று கறிவேப்பிலைத் தொட்டியை வேலியோரம் வைத்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலி, குப்பைத் தொட்டி, ஏர் கண்டிஷனரின் வெளிப்பெட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இயந்திரம் வாங்குவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நீரோட்ட இயந்திரத்தின் பம்ப்பைக் குளத்திலிருந்து தள்ளி ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். எனக்கு வரைபடம் போட்டுத் தந்தவர் அதை வேலிக்கு வெளியே, வேலியை ஒட்டியே வரைந்திருந்தார். எழுபது சென்டிமீட்டர் உயரப் பெட்டி. குழந்தைக்கு அது ஒரு படிக்கட்டு. அப்படியே பொருத்தியிருந்தால் சான்றிதழ் கையை விட்டுப் போயிருக்கும். பெட்டி எங்கே வரப்போகிறது என்பதைக் குறித்த பிறகே வேலியைச் செப்பனிடுங்கள்.

குளத்தருகே உயிர்காக்கும் முதலுதவிப் பலகையையும் மாட்ட வேண்டும். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து படிக்க முடிய வேண்டும். வெயிலில் எழுத்து வெளுத்துப்போன பழைய பலகை செல்லாது. முப்பது டாலர் பார்த்து மலைக்காமல் புதிது வாங்கிவிடுங்கள்.

செலவு: கவுன்சில் ஆய்வுக்கு முதல் முறை 150 டாலர், மறு ஆய்வுக்கு 100 டாலர் கொடுத்தேன். கம்பி மாற்றம், கீல், பலகை எல்லாம் சேர்ந்து 2,300. ஆய்வாளர் வரும் நாளுக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எல்லோருக்கும் குள ஞாபகம் வந்துவிடும். மே, ஜூன் மாதங்களில் விண்ணப்பித்தால் நாள் சீக்கிரம் கிடைக்கும்.

4. அண்டை வீட்டுக்காரரின் படுக்கையறை எங்கே?

நான் இயந்திரம் வாங்கியதே காலை ஐந்து மணிக்கு நீந்தத்தான். அந்த ஐந்து மணியைத்தான் சட்டம் பறித்துக்கொண்டது.

குளத்து பம்ப்பின் சத்தம் அடுத்த வீட்டின் அறைகளுக்குள் கேட்குமானால், திங்கள் முதல் சனி வரை இரவு 8 மணியிலிருந்து காலை 7 மணி வரை அதை ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறை நாட்களிலும் காலை 8 மணி வரை கூடாது. ‘கேட்குமானால்’ என்பதுதான் இதில் உயிரான சொல். சத்தம் அடுத்த அறைக்கு எட்டாவிட்டால் தடையில்லை. ஆகவே பெட்டியை எந்தச் சுவர்ப்பக்கம் வைப்பது, ஒலியடக்கும் உறை போடுவதா என்பதையெல்லாம் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கடையில் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். தண்ணீர் கொப்பளிக்கும் இரைச்சலே பம்ப்பின் சத்தத்துக்குச் சமமாக இருக்கும். உறை போட்டு அதை அடக்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். நான் ஒரு டப்பா முறுக்கோடு போனேன். முதல் மாதம் ஒரு புகாரும் வரவில்லை. அதன் பிறகு வந்தது. அது வேறு கதை.

5. இயந்திரம்: வேகத்தை எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள்

சந்தையில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று பீய்ச்சு வகை: பம்ப் தண்ணீரை உறிஞ்சி, ஒன்றிரண்டு குழாய்முனைகள் வழியே அழுத்தத்தோடு பீய்ச்சும். விலை குறைவு, பழைய குளத்திலும் பொருத்தலாம். ஓட்டம் குறுகலாக, காற்றுக் குமிழிகளோடு வரும். நடுவிலிருந்து ஒரு முழம் விலகினால் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். இன்னொன்று சுழல்விசிறி வகை: கூண்டுக்குள் பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று, அகலமான அமைதியான ஓட்டத்தைத் தள்ளும். ஆற்றில் நீந்துவதற்கு இதுதான் நெருக்கம். விலையும் அதற்கேற்றபடி ஏறும். எனக்கு வந்த விலைப்புள்ளிகள் பீய்ச்சு வகையில் 7,000 முதல் 12,000 டாலர் வரை, விசிறி வகையில் 20,000-க்கு மேல். பொருத்துக்கூலி தனி. நான் 9,800 டாலரில் பீய்ச்சு வகை வாங்கினேன். பணம் இருந்திருந்தால் விசிறிதான் வாங்கியிருப்பேன் என்பதை மறைப்பதற்கில்லை.

வாங்குபவரைச் சிக்கவைக்கும் பொறிகள் மூன்று.

விளம்பரத்தில் போடும் வேகம் பெரும்பாலும் குழாய்முனையின் வாயில் அளந்தது. உங்கள் தோள் இருக்கப்போவது அங்கிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி. அங்கே ஓட்டம் விரிந்து தளர்ந்துவிடும். உங்களுக்கு வேண்டிய வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டு போங்கள். நூறு மீட்டரை இரண்டு நிமிடத்தில் கடப்பவருக்கு நொடிக்கு 0.83 மீட்டர் ஓட்டம் வேண்டும்; ஒரு நிமிடம் நாற்பது நொடியில் கடப்பவருக்கு 1 மீட்டர். ‘இன்னும் கொஞ்சம் வேகம்தானே’ என்று நினைக்காதீர்கள். வேகம் பத்து சதவீதம் கூட, அதைத் தள்ளும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். விலை அங்கேதான் தாவுகிறது.

நீச்சலுடையோடு கடைக்குப் போய் நீந்திப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நான் சட்டையை மடித்துவிட்டுக் கையை மட்டும் நனைத்துப் பார்த்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் கையை விட்டு ஏமாந்தேன்.

அமெரிக்காவிலிருந்து மலிவாக இறக்கித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த நாட்டுக்கென்று செய்த சாதாரண மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், சூடேறவும் செய்யும். ஆஸ்திரேலிய மின்பாதுகாப்பு முத்திரையான ஆர்.சி.எம். இல்லாத கருவியைத் தொட மாட்டேன் என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

6. மின்சாரம்

இதில் ஒரு டாலரும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தண்ணீர், ஈரமான உடம்பு, மூன்று கிலோவாட் மோட்டார் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். இயந்திரத்துக்கென்று தனி இணைப்பு, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு, குளத்தைச் சுற்றிக் கைக்கெட்டும் உலோக ஏணி, கம்பிகளை எல்லாம் ஒன்றாக இணைத்துக் கட்டும் கம்பி ஆகியவற்றை விலைப்புள்ளியில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மின்பணிக்கான சான்றிதழை அவர் தர வேண்டும். அதை வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போதே மின்பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய வீட்டுக்கு ஒருமுனை மின்சாரம்தான் இருக்கும். அடுப்பு, ஏர் கண்டிஷனர், மின்கார் சார்ஜர், குளத்தைச் சூடாக்கும் ஹீட் பம்ப் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்குமா என்று அவர் கணக்குப் போட வேண்டும். எனக்குப் பலகையை மட்டும் மாற்றினால் போதுமென்று ஆனது. மொத்தம் 2,800 டாலர். தெருவிலிருந்து மும்முனை இழுக்க வேண்டியிருந்தால் அதைப்போல இரண்டு மூன்று பங்கு ஆகியிருக்கும், மாதங்களும் கூடியிருக்கும்.

ஓட்டும் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மூன்று யூனிட். என் கட்டணத்தில் ஒரு டாலர் சொச்சம்.

7. பணம் கொடுக்கும் வரிசை

5,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டுப் பணிக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். முன்பணம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20,000-க்கு மேல் போனால் ஒப்பந்ததாரர் காப்பீட்டுச் சான்றிதழ் காட்ட வேண்டும்; உங்களுக்கும் ஐந்து வேலைநாள் மனம் மாற அவகாசம் உண்டு.

என்னிடம் கடைக்காரர் ஐம்பது சதவீதம் கேட்டார், கொடுத்தேன். பிறகு சட்டத்தைக் காட்டியபோது, ‘நாங்கள் பொருள்தான் விற்றோம், பொருத்துபவர் வேறு ஆள்’ என்றார். பில்லும் அப்படித்தான் இருந்தது. பொருளும் பொருத்துவதும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கட்டும். சில நூறு டாலர் கூடினாலும் பரவாயில்லை.

8. தண்ணீர்

சூடாக்காத குளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கால் வைக்க முடியாது. ஹீட் பம்ப்பும் மேலே விரிக்கும் போர்வையும் வேண்டும். போர்வை இல்லாத ஹீட் பம்ப் ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதுபோல. பயிற்சிக்கு 26 முதல் 28 டிகிரி போதும். போட்டிக் குளங்களும் 25–28 டிகிரிக்குள்தான். 32 டிகிரியில் இருபது நிமிடம் வேகமாக நீந்தினால் தலை சுற்றும்.

பீய்ச்சு வகை காற்றைக் கலக்குவதால் தண்ணீரின் பி.எச். மெல்ல மேலேறும். 7.2க்கும் 7.6க்கும் நடுவில் நிற்கிறதா என்று வாரம் இரண்டு முறை பார்க்கிறேன். அமிலச் செலவு கூடியது. குளோரின் செலவு மாறவில்லை.

9. முதல் வாரப் பயிற்சி

முதலில் உங்கள் உண்மையான வேகத்தை ஒரு 50 மீட்டர் குளத்தில் அளந்து வாருங்கள். ஒலிம்பிக் பார்க் நீச்சல் குளத்தில் 1,000 மீட்டரை 21 நிமிடம் 40 நொடியில் முடித்தேன். நூறுக்கு 2 நிமிடம் 10 நொடி, நொடிக்கு 0.77 மீட்டர்.

அடுத்து, இயந்திரத்தின் குமிழில் எந்த எண் அந்த வேகத்தைத் தருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு ஆரஞ்சுப் பழம் போதும். தோலோடு போட்டால் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதந்து, காற்றில் அலையாமல் தண்ணீரோடு போகும். குளத்தின் ஓரத்தில் இயந்திரத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் ஒரு கோடு, மூன்றரை மீட்டரில் இன்னொரு கோடு. முதல் கோட்டுக்கு முன்னால் பழத்தை விட்டு, இரண்டு மீட்டரைக் கடக்கும் நேரத்தை ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். 2.6 நொடி வந்தால் என் வேகம். எண்ணைக் குமிழின் அருகே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணில் முதல் நாள் என்னால் நான்கு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். 50 மீட்டர் குளத்தில் ஆயிரம் மீட்டருக்குப் பத்தொன்பது திருப்பம். ஒவ்வொன்றிலும் சுவரை உதைத்துச் சறுக்கும் இரண்டு மூன்று நொடி ஓய்வு கிடைக்கிறது. இங்கே அது கிடையாது. ஆகவே ஒரு படி குறைத்து, இரண்டு நிமிடம் நீச்சல், முப்பது நொடி நிற்றல் என்று எட்டு முறையிலிருந்து தொடங்குங்கள். குளத்தின் அடியில் நேர்க்கோடாகக் கறுப்புப் பட்டை ஒட்டினால் பக்கவாட்டில் வழுக்குவது தெரியும். முன்னோக்கி ஏறிக்கொண்டே போனால் குமிழைக் கூட்டுங்கள்; கால் பின்சுவரைத் தொட்டால் குறையுங்கள்.

தனியாக வீட்டில் இருக்கும்போது இயந்திரத்தை ஓட்டாதீர்கள். நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். உறிஞ்சும் வாயின் மூடி உடைந்திருந்தால் அன்று நீச்சல் இல்லை. தலைமுடியும் விரலும் அதில் மாட்டும்.

இப்போது வார நாட்களில் ஏழு மணிக்கு இயந்திரத்தைப் போட்டு ஏழு முப்பதுக்கு நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை காத்திருக்கப் பொறுமை இல்லாததால் அன்று மட்டும் முதல் படியில் சொன்ன ஐம்பது டாலர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கே இறங்கிவிடுகிறேன். அதற்குச் சத்தமே கிடையாது.